சிந்தனை பற்றிய இணையப் படிப்பு: பயிற்சிகளுக்காகச் சேரலாம், முடிவை அப்படியே ஏற்க வேண்டாம்

மனிதர்கள் எப்படி யோசித்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்று சொல்லித்தரும் இணையவழிப் படிப்பு ஒன்றை முடித்திருக்கிறேன். நான் கணித ஆசிரியை. நிரூபணம் எழுதும்போது பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். கிட்டத்தட்ட இதே பாடத்திட்டத்தில் பல படிப்புகள் கிடைக்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பேசுகிறேன்.

பயிற்சிகள் அருமை. அவற்றை வைத்து, மனதுக்குள் இரண்டு தனி இயக்கங்கள் இருக்கின்றன என்று படிப்பு வந்துசேரும் முடிவுதான் அவசரமானது.

முதலில் அருமையானவை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் அறிமுகப்படுத்திய அட்டைப் புதிர் இரண்டாம் பாடத்தில் வருகிறது. திரையில் அ, க, 4, 7 என்று நான்கு அட்டைகள். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்க வேண்டும் என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்புவீர்கள்? பெரும்பாலோர் ‘அ’வையும் 4-ஐயும் தொடுவார்கள். திருப்ப வேண்டியவை ‘அ’வும் 7-உம். 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும்; 4-இன் பின்னால் எது இருந்தாலும் உடையாது. சரியாகச் செய்பவர்கள் பத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அடுத்த திரையில் அதே விதியை, மது அருந்துபவருக்கு உரிய வயது ஆகியிருக்க வேண்டும் என்று மாற்றித் தருகிறார்கள். 1982-இல் கிரிக்ஸும் காக்ஸும் செய்த சோதனை இது. தர்க்க அமைப்பு மாறவே இல்லை, ஆனால் இப்போது பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு திரைகளையும் அடுத்தடுத்து வைத்த விதம் நன்றாக இருக்கிறது. ஆசிரியர்கள் இந்த ஒரு பாடத்துக்காகவே சேரலாம்.

அப்புறம் நம்பிக்கைச் சாய்வு, அதாவது முடிவு நம்பும்படி இருந்தால் வாதத்தையும் சரியென்று ஏற்றுவிடும் பழக்கம், பற்றிய பாடம். “எல்லா மீன்களும் நீந்தும். சுறாக்கள் நீந்தும். ஆகவே சுறாக்கள் மீன்கள்.” படித்ததும் தலையாட்டத் தோன்றும். சுறாவை எடுத்துவிட்டுத் திமிங்கிலத்தைப் போட்டால் உடனே ஓட்டை தெரிந்துவிடும். வாதம் என்னவோ அதே வாதம்தான், இரண்டுமே செல்லாது: முதல் இரண்டு வரிகளிலிருந்து முடிவு கட்டாயமாக வருவதில்லை. ஜோனாதன் எவன்ஸ் குழு 1983-இல் வெளியிட்ட எண்கள் இந்தப் பாடத்தில் வருகின்றன. செல்லாத வாதமாக இருந்தும் முடிவு நம்பும்படி இருந்தபோது 71 சதவீதம் ஏற்றார்கள்; நம்ப முடியாதபோது 10 சதவீதம்தான். செல்லுபடியாகும் வாதங்களில் இந்த வித்தியாசம் 89-க்கும் 56-க்கும் என்று குறைகிறது.

இந்த இடத்திலிருந்துதான் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் நம் விடைக்கு ஒரு நிறம் விழுகிறது. சிவப்பு என்றால் சிஸ்டம் 1, வேகமான உள்ளுணர்வு. நீலம் என்றால் சிஸ்டம் 2, நிதானமான தர்க்கம். தவறான விடை அநேகமாகச் சிவப்பு, சரியான விடை நீலம். பக்கத்தில் இரண்டு பத்தி அட்டவணை ஒன்று: வேகம், மெதுவு, தன்னறியாமல், தெரிந்தே, பழைய மூளை, புதிய மூளை. மனதுக்குள் இரண்டு இயந்திரங்கள் இருப்பது முடிந்துபோன விஷயம் என்பதுபோல் பாடம் நகர்கிறது.

அது முடிந்துபோன விஷயம் இல்லை. அந்தக் கொள்கையின் முன்னணி ஆதரவாளர்களான எவன்ஸும் ஸ்டானோவிச்சும் 2013-இல் எழுதிய கட்டுரையிலேயே, வேகமும் பிழையும் இந்த இரண்டு வகைகளையும் வரையறுக்கும் அடையாளங்கள் அல்ல, பல நேரம் கூடவே வருபவை மட்டும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். விஷயத்தை அப்போதைக்கு மனதில் தாங்கிப் பிடித்துக் கையாளும் நினைவாற்றல் தேவைப்படுகிறதா என்பதுதான் அவர்களுக்கு அடிப்படை. அப்படியிருக்க, வேகமான விடைக்கெல்லாம் சிவப்பு அடிப்பது எந்த நியாயம்? மட்டையும் பந்தும் சேர்ந்து 110, மட்டை பந்தைவிட 100 அதிகம், பந்தின் விலை என்ன என்ற புகழ்பெற்ற கேள்வியில் 10 என்ற விடை சட்டென்று வரும்; சரியான விடை 5. பாகோவும் டி நீஸும் செய்த சோதனைகளில், கடைசியில் சரியாகச் சொன்னவர்களில் பலர், யோசிக்க அவகாசமே தராமல் கேட்ட முதல் முறையே சரியாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் விடைக்கு இந்தப் படிப்பு என்ன நிறம் தரும்?

எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் ஏமாற்றியதும் ஐந்தாம் பாடத்தின் பயிற்சிதான். ஒரே வாதங்களை இரண்டு சுற்றில் தருகிறார்கள். முதல் சுற்றில், முடிவு கட்டாயம் உண்மையா என்று கேள்வி. அடுத்த சுற்றில், உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டா என்று கேள்வி. “குருவிகளுக்கு இந்தச் சுரப்பி இருக்கிறது, ஆகவே காகங்களுக்கும் இருக்கிறது” என்ற வாதம் முதல் சுற்றில் தோற்கும், இரண்டாவதில் தேறும். “எல்லாப் பறவைகளுக்கும் இருக்கிறது, ஆகவே காகங்களுக்கும்” என்பது இரண்டிலும் தேறும். லான்ஸ் ரிப்ஸ் 2001-இல் இந்த முறையில் கேட்டுப் பார்த்தார். விடைகள் பிரிகின்றன, ஆகவே இரண்டு இயக்கங்கள் என்று பாடம் முடித்துவிடுகிறது.

ஆனால் விடை பிரிவதற்கு இரண்டு இயக்கங்கள் வேண்டியதில்லை. ஒரு விடைத்தாளில் ஒரே மொத்த மதிப்பெண்தான் இருக்கும். தேர்ச்சிக்கு ஒரு கோடு, முதல் வகுப்புக்கு இன்னொரு கோடு. அதேபோல் வாதத்தின் வலுவை மனம் ஒரே அளவுகோலில் எடைபோட்டு, ‘கட்டாயம்’ என்று கேட்டால் கோட்டை உயர்த்தியும் ‘வாய்ப்பு’ என்று கேட்டால் தாழ்த்தியும் வைத்தால் போதும், இதே விடைகள் கிடைக்கும். ரேச்சல் ஸ்டீஃபன்ஸ், ஜான் டன், பிரெட் ஹேய்ஸ் மூவரும் 2018-இல் இதை முறையாகச் சோதித்தார்கள். ஒற்றை இயக்க மாதிரிகள், இரட்டை இயக்க மாதிரிகள் எனப் பலவற்றை வரிசையாக அமைத்து, மூன்று தரவுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். சோதிக்க முடிந்தவற்றில் மூன்றுக்கும் ஈடுகொடுத்தது ஒன்றுதான்: வாதத்தின் வலுவுக்கு ஒரே அளவுகோல், இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிக் கோடு. இரண்டு அளவுகோல் வைத்த மாதிரிகள் எல்லாம் விழுந்தன. இந்த வகைச் சோதனைக்கு மட்டுமே பொருந்தும் முடிவு இது. மனித யோசனை மொத்தமும் ஒரே இயக்கம் என்று இதை நீட்டக் கூடாது. ஆனாலும் அதே பயிற்சியை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் வெறுங்கையோடு இல்லை. வேறு எதையாவது நினைவில் வைக்கச் சொல்லிக்கொண்டே வாதத்தைத் தந்தால், நம்பிக்கையும் தர்க்கமும் மோதும் கேள்விகளில்தான் தவறு கூடுகிறது. டி நீஸ் 2006-இல் காட்டியது இது. இரட்டை இயக்கத்துக்கு நல்ல சான்று என்பேன். கடினமான கேள்விக்கு அதிக உழைப்பு வேண்டும் என்று ஒற்றைப் பக்கத்தினரும் பதில் சொல்லலாம். இந்த வாக்குவாதத்தைக் கேட்கத்தான் நான் சேர்ந்தேன். படிப்பில் அது இல்லை.

வகுப்பறையில் இதற்கு நேரடி விளைவு உண்டு. நான்கு எடுத்துக்காட்டுகளைச் சரிபார்த்துவிட்டு “ஆகவே நிரூபிக்கப்பட்டது” என்று எழுதும் பிள்ளையிடம் “அவசரப்படாதே, நிதானமாக யோசி” என்று சொன்னால், ஐந்தாவது எடுத்துக்காட்டை நிதானமாகப் போட்டுப் பார்ப்பாள். அவள் யோசிக்காமல் இல்லை. ‘நம்பலாம்’ என்பதற்கான கோட்டை வைத்துக்கொண்டு ‘கட்டாயம்’ என்ற கேள்விக்கு விடை எழுதுகிறாள். அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினால்தான் அவளுக்குப் பயன்.

காணொளித் தரம், வசன வரிகள் எதிலும் குறை இல்லை. கடைசித் தேர்வில் “இது எந்த சிஸ்டம்?” என்ற வகைக் கேள்விகள் அதிகம், சான்றிதழ் வேண்டுமானால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். சான்றிதழ் தேவையில்லாதவர்கள் இரண்டு, மூன்று, ஐந்தாம் பாடங்களின் பயிற்சிகளைச் செய்துவிட்டு, நிறம் காட்டும் திரைகளைத் தாண்டிவிடலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். ஒற்றை இயக்கக் கருத்துக்கு ஒரு பாடம் சேர்க்கச் சொல்லி நடத்துநர்களுக்கு எழுதியிருக்கிறேன். சேர்த்தால் மதிப்பெண்ணை உயர்த்துவேன்.