கல்கான் மலைச்சரிவு வில்லா: குளத்தைப் பார்க்கும் முன் படிகளை எண்ணுங்கள்

செப்டம்பரில் ஒரு வாரம் துருக்கியின் கல்கானில் ஒரு வில்லா எடுத்துத் தங்கினோம். நான், கணவர், நாலு வயது மகள், அம்மா, அப்பா. விரிகுடாவின் கிழக்குக் கரையில், ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும் கிஷ்லா சரிவு. வெள்ளைச் சுவர், தட்டையான மொட்டை மாடி, கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேற்கு பார்த்த சரிவு என்பதால் சூரியன் இறங்குவதைக் குளத்துத் தண்ணீரில் இருந்தபடியே பார்க்கலாம், அந்த ஒரு மணி நேரத்துக்கே கொடுத்த பணம் தகும்.

ஆனால் படிகளைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சரிவில் கட்டிய வீடு மேலிருந்து கீழே போகிறது. கார் நிற்பது உச்சியில், 22 படி இறங்கினால் ஹால், சமையலறை, குளம், இன்னும் 17 படி இறங்கினால்தான் படுக்கையறைகள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு வந்த அம்மா இரண்டாம் நாளிலிருந்து ஹால் சோபாவிலேயே படுத்துக்கொண்டார், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. விளம்பரத்தில் ‘கடல் 300 மீட்டர்’ என்று போட்டிருந்தார்கள். தூரம் சரிதான், ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதிய வெயிலில் அந்த ஏற்றத்தை ஏறினால்தான் 300 மீட்டர் எவ்வளவு என்று தெரியும். அதனால் கார் கட்டாயம் வேண்டும். டலமான் விமான நிலையம் சுமார் 120 கி.மீ., அங்கேயே எடுத்துவிடுங்கள்.

குளம் இன்ஃபினிட்டி பூல். ஒரு பக்க விளிம்பில் தண்ணீர் வழிந்து கீழே ஒரு தொட்டியில் விழ, பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. உள்ளே நின்று பார்த்தால் கடலும் குளமும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அழகு, மறுக்கவே முடியாது. ஆனால் அந்த விளிம்புக்கு அப்பால் தடுப்பு எதுவும் இல்லை, ஹாலில் இருந்து நேராகக் குளத்துக்கே கதவு திறக்கிறது, அதனால் மகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் எங்களில் ஒருவர் குளக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணிக்கு மேல் அந்தக் கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் நேராக உள்ளே வரும், திரையை இறக்கி ஏசி போட்டால் சமாளிக்கலாம். சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு. அம்மா கொண்டுவந்த அலுமினிய குக்கர் அதில் சூடாகவே இல்லை, அங்கிருந்த எவர்சில்வர் பாத்திரத்தில்தான் சோறு வைத்தோம். இரண்டடுக்கு துருக்கித் தேநீர்ப் பாத்திரம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்புறம் ஒன்று, துருக்கியில் பெரும்பாலும் டாய்லெட்டிலேயே கழுவத் தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பாட்டிலோடு அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வியாழக்கிழமை கல்கானில் சந்தை. அத்திப்பழம், தக்காளி, வெள்ளைப் பாலாடைக்கட்டி எல்லாம் அங்கேயே வாங்கினோம். கபுதாஷ் கடற்கரை பக்கத்தில்தான், ஆனால் சாலையிலிருந்து அதற்கும் நூற்றைம்பதுக்கு மேல் படி இருப்பதால் அம்மாவை பதாராவுக்குக் கூட்டிப்போனோம். கிட்டத்தட்ட 18 கி.மீ. நீள மணல், ஆமைகள் முட்டையிடும் இடம் என்பதால் கரையோரத்தில் ஹோட்டல் எதுவும் கிடையாது. அம்மா அலையில் கால் நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

புக் பண்ணும் முன் சுற்றுலா வாடகை அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து இப்படி நாள் கணக்கில் விடும் வீடுகளுக்கு அது கட்டாயம், வாசலில் பலகையும் இருக்க வேண்டும். எங்கள் வில்லாவில் இருந்தது.

அடுத்த மே மாதம் மறுபடி அதே சரிவுக்குப் போகிறோம். குளம் இருக்கிற தளத்திலேயே ஒரு படுக்கையறை உள்ள வீடாகத் தேடுகிறேன், வாசலிலிருந்து படுக்கை வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று இடத்தில் கேட்டிருக்கிறேன்.