லாஸ் வேகாஸில் எங்கே தங்கலாம்? பல ஆண்டுகளாகப் போய்வரும் ஒருத்தியின் அனுபவம்

"வேகாஸில் எந்த ஓட்டல் நன்றாக இருக்கும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கூட யார் வருகிறார்கள்? நண்பர்களோடு வார இறுதிக்குப் போகும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு நான் சொல்லும் ஓட்டலை, முட்டிவலியோடு வரும் மாமனாருக்கு ஒருபோதும் சொல்லமாட்டேன். இணையத்தில் காட்டும் நட்சத்திரங்களும் படங்களும் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. படுக்கையும் குளியலறையும் அந்த ஊரில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அறைக்கும் வாசலுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதில்தான் நம் பயணத்தின் சுகமும் துன்பமும் இருக்கின்றன.

நாங்கள் தென் கலிபோர்னியாவில் இருக்கிறோம். ஐ-15 நெடுஞ்சாலையில் பார்ஸ்டோவைத் தாண்டிப் போனால், நெரிசல் இல்லாத நாளில் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். வேலை நிமித்தம் வர்த்தகக் கண்காட்சிகளுக்குத் தனியாகவும், விடுமுறையில் பிள்ளைகளோடும், ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போது அவர்களோடும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் போய்வருகிறேன். சூதாட்டத்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. கேசினோவில் விளையாடாமல் கேசினோ ஊரில் தங்குகிறவளின் பார்வை என்றே இதைப் படியுங்கள்.

பெரிய கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும், ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் சாலை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம். கட்டடங்கள் மிகப் பெரியவை என்பதால் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. பெல்லாஜியோ ஓட்டலின் நீரூற்று பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி நடக்கத் தொடங்குவீர்கள். கால் மணி நேரம் நடந்த பிறகும் அது பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றும். மாண்டலே பே ஓட்டலிலிருந்து அந்த நீரூற்றுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பெரிய சந்திப்புகளில் சாலையை நேராகக் கடக்க முடியாது. நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். எஸ்கலேட்டர் பழுதாகி நிற்கும் நாளில் பெரியவர்களோடு அந்தப் படிகளில் ஏறுவது பெரும்பாடு. சாலையோரம் நின்று கைகாட்டி டாக்சியை நிறுத்தவும் முடியாது. ஏதாவது ஓட்டலுக்குள் போய் அதன் டாக்சி நிறுத்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உள்ளே நடக்கும் நடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலின் பிரதானக் கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 அறைகள் இருக்கின்றன. வெனீஷியனும் பலாசோவும் சேர்ந்தால் 7,000க்கு மேல். கார் நிறுத்துமிடத்திலிருந்து வரவேற்பு மேசைக்கு ஒரு நடை, அங்கிருந்து லிஃப்டுக்கு ஒரு நடை, லிஃப்டிலிருந்து தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் அறைக்கு இன்னொரு நடை. இவற்றில் பெரும்பகுதி சூதாட்டத் தளத்தின் ஊடாகவே போகும்படி கட்டியிருப்பார்கள். காலையில் காபி வாங்கப் போனாலும், பிள்ளைகளை நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போனாலும் அங்குள்ள சூதாட்ட இயந்திரங்களைக் கடந்தே ஆக வேண்டும். 21 வயது நிரம்பாதவர்கள் அங்கே கடந்துபோகலாம், நிற்கக் கூடாது. வண்ண விளக்கைப் பார்த்துக் குழந்தை மலைத்து நின்றுவிட்டால் பாதுகாவலர் வந்து நகரச் சொல்வார். அவர் தம் கடமையைத்தான் செய்கிறார். ஆனால் நாள் முழுவதும் "நிற்காதே, நட" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டே போனால் அது விடுமுறையாக இருக்காது.

அடுத்தது புகை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. உணவகம் உள்ளிட்ட பல மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தை நெவாடா வாக்காளர்கள் 2006இல் நிறைவேற்றினார்கள். ஆனால் கேசினோக்களின் சூதாட்டப் பகுதிக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே புகையில்லா அறை என்று பதிவு செய்தால் அறையில் மட்டுமே புகை இருக்காது. அறைக்குப் போகும் வழி முழுவதும் இருக்கும். என் மாமனாருக்கு ஆஸ்துமா. ஒருமுறை நடுத்தர வாடகை கொண்ட ஓர் ஓட்டலில் தங்கியபோது, லிஃப்டை அடைவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அறையை விட்டு வெளியே வரவே தயங்கினார். "நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் அம்மா" என்று அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. அறையின் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. அந்த ஊரின் உயரமான ஓட்டல்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு பெரியவர்களோடு போகும்போது கேசினோ இல்லாத ஓட்டல்களிலேயே தங்குகிறோம். ஸ்ட்ரிப்பிலேயே அப்படிப்பட்டவை இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது வ்தாரா. 2009இல் திறந்த இந்த ஓட்டலில் கேசினோ கிடையாது, புகையும் கிடையாது. எல்லா அறைகளும் சூட் வகை, அதாவது உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய அறைகள். பெல்லாஜியோவுக்கு நடந்தே போய்விடலாம். பெல்லாஜியோவையும் பார்க் எம்ஜிஎம்மையும் இணைக்கும் இலவச டிராம் பக்கத்திலேயே நின்றுபோகும். காரை விட்டு இறங்கினால் சில நிமிடங்களில் அறையில் இருப்போம். எம்ஜிஎம் கிராண்டின் பின்புறம் இருக்கும் சிக்னேச்சரும் இதே வகை: மூன்று கோபுரங்கள், கேசினோ இல்லை, புகை இல்லை. பல அறைகளில் பால்கனியும் உண்டு. அங்கே பதிவு செய்தால் முதல் கோபுரத்தில் அறை கேளுங்கள். எம்ஜிஎம் கிராண்டுக்குப் போகும் மூடிய நடைபாதைக்கு அதுதான் அருகில். கடைத்தெருவோடு ஒட்டியிருக்க வேண்டுமென்றால் எலாரா; அது மிராக்கிள் மைல் கடைகளோடு இணைந்தது. செலவைப் பற்றிக் கவலையில்லாதவர்களுக்கு ஃபோர் சீசன்ஸ் இருக்கிறது. மாண்டலே பே கட்டடத்தின் 35 முதல் 39 வரையான மாடிகளில் தனி வாசலோடு நடக்கிறது.

கேசினோவும் வேண்டும், புகையும் கூடாது என்பவர்களுக்குப் பார்க் எம்ஜிஎம். கொரோனா மூடலுக்குப் பின் 2020இல் மீண்டும் திறந்தபோது முழுக்கப் புகையில்லா ஓட்டலாக மாறியது. ஸ்ட்ரிப்பில் கேசினோ ஓட்டல் ஒன்று அப்படி மாறியது அதுவே முதல்முறை. உள்ளே நுழைந்து ஒருமுறை மூச்சை இழுத்தாலே வேறுபாடு தெரியும். மற்ற ஓட்டல்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டு வருகிறேன்.

வெந்நீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேசினோ ஓட்டல்களின் சாதாரண அறைகளில் பெரும்பாலும் கெட்டில் இருக்காது, மைக்ரோவேவ் இருக்காது, காபி இயந்திரமும் இருக்காது. விருந்தினர் அறையிலேயே இருந்துவிடாமல் கீழே இறங்கி வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம் என்று நான் நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த பெரியவர்கள் நேர வேறுபாட்டால் அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஒரு வாய் காபிக்காக அவர்களைக் கேசினோ வழியே நடக்கவைப்பது நியாயமா? வ்தாராவிலும் சிக்னேச்சரிலும் பல அறைகளில் குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் கொண்ட சிறிய சமையல் பகுதி உண்டு. மாமியார் டிகாஷனைப் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுவந்துவிடுவார். பால், தயிர், சோறு மூன்றும் கையில் இருந்தால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதில் மிச்சமாகும் பணமும் நிம்மதியும் அதிகம். எந்த வகை அறையில் எந்தெந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் பதிவுக்கு முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி பணம். வேகாஸில் அறை மலிவு, சாப்பாடு மலிவு, சூதாட்டத்தில் அவர்கள் ஈடுகட்டிக்கொள்வார்கள் என்ற பழைய கதையை இன்னும் பலர் சொல்கிறார்கள். ஸ்ட்ரிப் ஓட்டல்களின் வருவாயில் பாதிக்கு மேல் அறை, உணவு, காட்சி ஆகியவற்றிலிருந்தே வரத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அறையே வியாபாரம் என்று ஆனபின் அதை ஏன் மலிவாகக் கொடுப்பார்கள்? ரிசார்ட் கட்டணம் என்ற பெயரில் நாள்தோறும் ஒரு தொகை வாங்குவார்கள். வைஃபை, உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றுக்கு என்பார்கள். நீங்கள் அவற்றைத் தொடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். அறை வாடகை 60 டாலர், ரிசார்ட் கட்டணம் 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் மீதும் 13 சதவீதத்துக்குச் சற்று மேல் வரி விழும். 60 டாலர் அறை ஏறத்தாழ 125 டாலரில் வந்து நிற்கும். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சி விதியின்படி, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். எவ்வளவோ காலம் முன்பே வந்திருக்க வேண்டிய விதி. வரி பெரும்பாலும் கடைசித் திரையில்தான் சேரும் என்பதால் அதுவரை போய்ப் பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள்.

கார் நிறுத்தும் கட்டணம் தனி. 2016இல் எம்ஜிஎம் குழுமம் அதைத் தொடங்கியது; மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். எங்களைப் போலக் காரில் போகிறவர்கள் இதையும் ஒரு நாள் வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். சில நேரங்களில் பத்து டாலர் அதிகம் கேட்கும் ஓட்டல்தான் மொத்தக் கணக்கில் குறைவாக வரும்.

எந்த ஓட்டல் என்பதைவிட எந்த நாள் என்பதுதான் விலையை அதிகம் மாற்றுகிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு விலை, வெள்ளியும் சனியும் வேறு விலை. ஜனவரியில் மின்னணுப் பொருட்களின் பெரிய கண்காட்சியான சிஇஎஸ் நடக்கும் வாரத்தில் சாதாரண அறைக்கும் யானைவிலை கேட்பார்கள். 2023 முதல் நவம்பரில் பார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிறது. ஏறத்தாழ 6.2 கிலோமீட்டர் பந்தயப் பாதையில் ஸ்ட்ரிப்பின் ஒரு பகுதியும் அடக்கம். தடுப்புகளும் மேடைகளும் பல வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். பெரியவர்களோடு அந்தப் பருவத்தில் போகாதீர்கள். ஜூலையிலும் வேண்டாம், 2024 ஜூலையில் அந்த ஊரில் வெப்பம் 120 பாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது ஏறத்தாழ 49 செல்சியஸ். நிழலில் நின்றாலும் காற்று சுடும்.

கண்காட்சிக்குத் தனியாகப் போகும்போது என் கணக்கு மாறிவிடும். கண்காட்சி மையத்துக்கு மோனோரயில் போகிறது. 2004இல் தொடங்கிய அந்த ரயில் ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்க ஓட்டல்களுக்குப் பின்னால் ஓடுகிறது: எம்ஜிஎம் கிராண்டில் தொடங்கி சஹாரா ஓட்டலில் முடியும். விமான நிலையத்துக்குப் போகாது. மேற்குப் பக்க ஓட்டலில் தங்கினால் நிலையத்தை அடையவே களைத்துவிடுவோம். ஆகவே கிழக்குப் பக்கத்தில், நிலையம் ஒட்டிய ஓட்டலாகப் பார்க்கிறேன். மையத்துக்கு நடந்தே போக வேண்டுமென்றால் வெஸ்ட்கேட். 1969இல் இன்டர்நேஷனல் என்ற பெயரில் திறந்த அந்த ஓட்டலில்தான் எல்விஸ் பிரெஸ்லி 1976 வரை நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடத்தினார். தனியாகப் போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன்: லிஃப்டுக்குப் பக்கத்திலேயே அறை கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கேட்டாலும், பின்னிரவில் நீண்ட தாழ்வாரத்தில் நடப்பதைவிட அது மேல்.

அறைகளைப் பொறுத்தவரை என் குறிப்புகள் சில. வெனீஷியனின் சாதாரண அறையே 650 சதுர அடி. உட்காரும் பகுதி ஓரிரு படிகள் இறக்கமாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், இரவில் எழுந்திருக்கும் முதியவருக்கு ஆபத்து. லக்ஸர் பிரமிட் வெளியிலிருந்து பார்க்க அழகு. லிஃப்ட் சாய்வாக ஏறும், ஜன்னல் பக்கச் சுவரும் சாய்ந்தே இருக்கும். ஓர் இரவுக்கு வேடிக்கை, மூன்று இரவுகளுக்கு நெருக்கடி. காஸ்மோபாலிட்டனில் திறந்த பால்கனி கொண்ட அறைகள் கிடைக்கும். இது ஸ்ட்ரிப்பில் அரிது. நீரூற்றைப் பார்த்த பால்கனி கிடைத்தால் கூடுதல் பணம் தகும். 2023இல் திறந்த, வெளிப்புறமெல்லாம் ஒளித்திரையாக இருக்கும் உருண்டை அரங்கமான ஸ்பியரைப் பார்த்த அறைகளில் இரவு வெகுநேரம் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும்; திரைச்சீலையை முழுக்க இழுத்து மூடுங்கள். நீச்சலுக்காகவே போகும் குடும்பத்துக்கு மாண்டலே பேயின் அலைக்குளமும் மணற்கரையும் போதும், ஆனால் குளிர்காலத்தில் அலைக்குளம் திறந்திருக்காது. பழைய நகர மையத்தில் கோல்டன் நகெட்டின் சுறாத் தொட்டி வழியே போகும் சறுக்குக்குழாயைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். அங்கே ஃப்ரீமாண்ட் தெருவின் இசை நள்ளிரவு தாண்டியும் கேட்கும் என்பதால் தெருவைப் பார்த்த அறை வேண்டாம்.

பழைய பரிந்துரைகளை அப்படியே நம்பாதீர்கள். 1989இல் திறந்து அந்த ஊரின் போக்கையே மாற்றிய மிராஜ் ஓட்டல் 2024 ஜூலையில் மூடிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மூடிய ட்ராபிகானாவை அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் புகழ்ந்த அறை இன்று சீரமைப்பில் இருக்கலாம். கடந்த ஆறு மாதங்களுக்குள் தங்கியவர்களின் கருத்தை மட்டும் படியுங்கள்.

அறையைக் காலி செய்வதற்கு முன் பில்லைத் திரையில் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பல ஓட்டல்களின் மினிபாரில் உணர்கருவி இருக்கிறது. பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் கட்டணம் ஏறிவிடக்கூடும். எங்களுக்கு ஓர் ஓட்டலில் அப்படி ஏறியது. மேசையில் கேட்டவுடன் நீக்கிவிட்டார்கள், கேட்காவிட்டால் அப்படியே போயிருக்கும். அட்டையில் பிடித்துவைக்கும் முன்பணம் திரும்பிவரச் சில நாட்கள் ஆகும் என்பதால் டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள், கடன் அட்டையைக் கொடுங்கள். கலிபோர்னியாவுக்குக் காரில் திரும்புகிறவர்கள் ஞாயிறு காலை சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மாநில எல்லையில் இருக்கும் ப்ரிம் என்ற ஊரில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், அடுத்த கழிப்பறைக்கு வெகுதூரம்.