டெல்லிப் புகையைத் தொடர எந்தச் செயற்கைக்கோள்?

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடை முடிந்து, வயலில் நிற்கும் தாளுக்குத் தீ வைக்கத் தொடங்கிவிட்டால் டெல்லியில் வசிக்கும் எங்களுக்கு ஒரே கவலைதான்: இன்று புகை எங்கே கிளம்புகிறது, எப்போது இங்கு வந்து சேரும்? இதைக் காசு செலவில்லாமல் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழும் தீப் பதிவுகள். மற்றொன்று, ஒரே பகுதியை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் தொடர்படங்கள். முதலாவதையே பார்த்துவந்த நான் இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

படத்தின் துல்லியத்தில் போட்டியே இல்லை. ஃபர்ம்ஸுக்குத் தரவு தரும் வீர்ஸ் கருவி 375 மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும். தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோளான ஜியோ-காம்ப்சாட்-2ஏ அகச்சிவப்பில் 2 கிலோமீட்டர்தான். அதுவும் பஞ்சாபைக் கிழக்கே வெகுதொலைவிலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் இன்னும் மங்கும். இந்தியாவின் இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் ஆகியவற்றில் 4 கிலோமீட்டர். எந்த ஊர், எந்த வயல் என்று தெரியவேண்டுமானால் வீர்ஸ்தான்.

ஆனால் புகையைத் தொடர்வதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பார்க்கும் நேரம். வீர்ஸைச் சுமக்கும் சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றும் துருவப் பாதையில் சுற்றுபவை. மூன்றுமே பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை, நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டி ஒரு முறை கடந்துபோகின்றன. மூன்று இருப்பதால் நாள் முழுக்கக் காவல் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வயல் தீயோ சட்டென்று பற்றிச் சட்டென்று அடங்குவது. நான்கு மணிக்கு வைத்த தீ இரவுச் சுற்றுக்குள் சாம்பலாகிவிடும், கணக்கில் ஏறாது.

இது வெறும் ஊகம் அல்ல. 2024இல் நாசா விஞ்ஞானி ஹிரென் ஜெத்வா கொரியச் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு, பிற்பகல் சுற்று முடிந்த பிறகே பெருமளவு எரிப்பு நடப்பதைச் சுட்டிக்காட்டினார். பஞ்சாபில் அதிகாரபூர்வமாகப் பதிவான தீச் சம்பவங்கள் 2022இல் 49,922; 2023இல் 36,663; 2024இல் 10,909. எரிப்பு குறையவே இல்லை என்று நான் வாதிடவில்லை. தாளை மண்ணோடு விட்டே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் பரவியிருக்கின்றன. அதற்கு உழைத்த விவசாயிகளின் பங்கை மறைப்பது அநியாயம். ஆனால் நாளுக்கு இரண்டு வேளை மட்டும் எட்டிப்பார்க்கும் கண்ணை வைத்து இவ்வளவு பெரிய வீழ்ச்சியை அப்படியே நம்ப என் மனம் ஒப்பவில்லை.

மாலை நேரம் நுரையீரலுக்கும் கெட்ட நேரம். நண்பகலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் கலப்பதால் புகை உயரே போய்ப் பரவும். பொழுது சாயும்போது அந்தக் கலப்பு அடங்கிவிடுகிறது. ஐந்து மணிப் புகை தரையை ஒட்டியே தங்கி, வடமேற்குக் காற்று வாய்த்தால் இரவோடு இரவாக டெல்லியை நோக்கி நகர்கிறது. பிற்பகல் வரைபடத்தில் புள்ளிகள் குறைவாக இருக்கின்றன என்று நிம்மதியாகத் தூங்கினால், காலையில் மூச்சுத் திணறும்.

கொரியச் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. நவம்பர் தொடக்கத்துப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்கு சங்ரூர், பட்டிண்டா பக்கம் வெறும் மங்கல். மூன்றரைக்கு மேல் மெல்லிய இழைகள் தனித்தனியாக எழும். ஐந்து மணிக்குள் அவை ஒன்றோடொன்று கலந்து, தென்கிழக்கே சாயும் சாம்பல் நிறப் படலமாகிவிடும். சூரியன் மேற்கில் இறங்க, செயற்கைக்கோள் கிழக்கிலிருந்து பார்ப்பதால் புகைத்துகள்கள் ஒளியை அதன் பக்கமே சிதறடிக்கின்றன. நண்பகலில் கண்ணுக்குத் தட்டுப்படாத மெல்லிய புகைகூட அப்போது தெளிவாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. இருட்டியதும் இந்தப் படம் குருடாகிவிடும். மூடுபனி சேர்ந்துவிட்டால் எது பனி, எது புகை என்று பிரிப்பது கடினம். பளீர் வெள்ளையாக, ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் பனி; பழுப்பேறி ஓரம் கரைந்திருந்தால் புகை என்று பார்த்துப் பழகியிருக்கிறேன். இரண்டும் கலந்த நாட்களில் என் கணிப்பை நானே முழுதாக நம்புவதில்லை. மேலும், மேலிருந்து தெரியும் புகை எல்லாம் நாம் சுவாசிக்கும் உயரத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. அதனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் குழந்தைகளை வெளியே விளையாட விடுவதில்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் தரும் கார்பன் மோனாக்சைடு படம் அழகானது. ஆனால் அதுவும் பிற்பகல் ஒன்றரை மணிக்காரர்தான். சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் கருகிய வயலைக் காட்டும். அறுவடைப் பருவம் முடிந்தபின் மொத்தம் எவ்வளவு பரப்பு எரிந்தது என்று கணக்கெடுக்க அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அன்றாடப் புகைக்கு அது உதவாது.

காட்டுத்தீ என்றால் என் தேர்வு மாறலாம். உத்தராகண்டில் கோடையில் பைன் சருகு பற்றினால் நாள்கணக்கில் எரியும். ஒரு சுற்றில் தப்பினாலும் அடுத்த சுற்றில் வீர்ஸ் பிடித்துவிடும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைகளும் இத்தகைய புள்ளிகளைக் கொண்டே அனுப்பப்படுகின்றன. மலைத் தீயை நான் நெருக்கமாகத் தொடர்ந்ததில்லை. அங்கிருப்பவர்கள் புள்ளிகளிலிருந்தே தொடங்கலாம். சமவெளி வயல் புகைக்கு மாலை மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை தொடர்படங்களைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகளை அதன்பிறகு திறந்தால் போதும்.