ஒரே பிள்ளைக்கு மூன்று காய்ச்சல்

போன ஜூலையில், மும்பை செம்பூர் முழுக்க மழைத்தண்ணீர் நின்ற ஒரு ராத்திரி, எங்கள் நாலு வயதுப் பையனுக்கு உடம்பு கொதித்தது. நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி தெர்மாமீட்டர் 98.2 என்றது. கக்கத்தில் வைத்த டிஜிட்டல் 100.6. அத்தை திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த பாதரசக் குழாய் 100.8.

பொய் சொன்னது துப்பாக்கிதான். ஆனால் தப்பு எங்களுடையது. அப்போதுதான் நெற்றியிலிருந்து ஈரத்துணியை எடுத்திருந்தோம், மேலே ஃபேன் வேறு. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது; தோல் குளிர்ந்திருந்தால் அதுவும் குறைத்தே சொல்லும். லோக்கல் ரயிலில் வியர்த்தோ மழையில் நனைந்தோ வந்த ஆளுக்கும் இதே கதைதான். துடைத்துவிட்டு, கால் மணி நேரமாவது உட்காரவிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று: சில மாடல்களில் உடம்புக்கு ஒரு மோடு, பால்புட்டி மாதிரிப் பொருளுக்கு ஒரு மோடு. என் வீட்டுக்காரர் பொருள் மோடிலேயே பார்த்துவிட்டு, "எனக்கு 93தான் இருக்கு" என்று ஒருநாள் பதறினார்.

பாதரசத்துக்கு பேட்டரி வேண்டாம், கணக்கும் பிசகாது. குமிழுக்கு மேலே குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருப்பதால் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் உதற வேண்டியிருக்கிறது. அந்த உதறல்தான் வினை. இரண்டு வாரம் கழித்து அத்தை உதறியபோது ஜன்னல் கம்பியில் பட்டு உடைந்து, வெள்ளி மணிகள் கட்டிலுக்கடியில் ஓடின. துடைப்பத்தோடு வந்த அத்தையைத் தடுத்து, பையனை அடுத்த அறைக்கு அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வளையலைக் கழற்றி வைத்தேன் (பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்). கையுறை போட்டு, டார்ச் வெளிச்சத்தில், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் ஒவ்வொன்றாக ஒதுக்கி மூடிபோட்ட பாட்டிலில் சேர்த்தேன். துடைப்பத்தால் பெருக்கினால் அது இன்னும் சிதறும், ஆவியும் கூடும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் 2013இல் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தம் இந்த வகைத் தெர்மாமீட்டர்களின் தயாரிப்புக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020 என்று கெடு வைத்தது சும்மா இல்லை.

காதுக்குள் பார்ப்பது வேகமானது, விலையும் கூடுதல். குறும்பி இருந்தாலோ முனை சரியாகத் திரும்பாவிட்டாலோ குறைத்துக் காட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது வேண்டாம்.

என் ஓட்டு டிஜிட்டலுக்கு. பெரியவர்களுக்கு நாக்கடியில், சின்னவர்களுக்கு கக்கத்தில். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் வாயில் வைக்க வேண்டும். கக்கம் வாயைவிட அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைத்துக் காட்டலாம். அதற்காக நாமே ஒன்றைக் கூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டாம். "கக்கத்தில் 100.6, ராத்திரி ரெண்டு மணிக்கு" என்றால் போதும். மலேரியாவும் டெங்குவும் சுற்றும் மழைக்காலத்தில் காய்ச்சல் எப்போது ஏறி எப்போது இறங்கியது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் 100.4 தொட்டாலே உடனே கிளம்புங்கள்.

துப்பாக்கியைத் தூக்கிப்போடவில்லை. பையன் தூங்கும்போது எழுப்பாமல் ஒரு பார்வை பார்க்க அது. 99க்கு மேல் காட்டினால் டிஜிட்டலை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போகிறேன்.