எ, ஆன், தி மூன்றுக்கும் சேர்த்து 14 பாடம்: முடித்த பிறகு எழுதுகிறேன்

மென்பொருள் சோதனைதான் என் வேலை. நாள் முழுக்க ஆங்கிலத்தில் பிழை அறிக்கை எழுதுகிறேன். போன மாதம் ஓர் அறிக்கையில் 'க்ளிக் தி பட்டன்' என்று எழுதி அனுப்பினேன். அந்தத் திரையில் நான்கு பட்டன்கள் இருந்தன. "எந்த பட்டன்?" என்று கேட்டு டெவலப்பரிடமிருந்து மெயில் வந்தது. என் மனதில் இருந்த பட்டன் அவருக்கும் தெரியும் என்று அந்த 'தி' சொல்லிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே, ஆர்ட்டிகிள், அதாவது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'ஆன்', 'தி', இவற்றை மட்டும் சொல்லித்தரும் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன்.

முதல் பாடம் அருமை. விதி எதையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குகிறார்கள்: நீ சொல்வது எது என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, ஆனால் எண்ணக்கூடிய ஒரு பொருள் என்றால் 'எ' அல்லது 'ஆன்'. பள்ளியில் நமக்குச் சொன்னது வேறு. முதல் தடவை 'எ', இரண்டாம் தடவை 'தி' என்று மனப்பாடம் செய்தோம். அதை வைத்துக்கொண்டு இந்த வரியை விளக்க முடியாது: 'எ கார் ஸ்டாப்ட். தி டிரைவர் காட் அவுட்.' டிரைவர் இப்போதுதான் முதல் தடவை வருகிறார், ஆனாலும் 'தி'. கார் என்றால் ஓட்டுபவர் ஒருவர்தான், எந்த டிரைவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்த ஒரு எடுத்துக்காட்டில் எனக்குப் பல வருடச் சந்தேகம் தீர்ந்தது.

பாடத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் உதவியது அதுதான். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்குக் கஷ்டம் என்பார்கள். ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். அந்த 'ஐ' உருபை எங்கே போட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, காதே சொல்லிவிடுகிறது. இப்போது 'தி' போடலாமா என்று குழப்பம் வந்தால், அந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் நிறைய இடத்தில் கை கொடுக்கிறது.

'எ', 'ஆன்' பாடமும் நன்றாக இருந்தது. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்கிறார்கள். நாம் இதைத் தமிழில் எழுதிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'அவர்' உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'எ யூனிவர்சிட்டி'. 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை. என் வேலையில் தினமும் வரும் சந்தேகம் ஒன்றும் இங்கே தீர்ந்தது: தரவுதளத்தில் தகவல் தேடப் பயன்படும் கணினி மொழியின் பெயரை எஸ்.க்யூ.எல். என்று எழுத்தெழுத்தாகப் படிப்பவர் 'ஆன்' போடுவார், சீக்வல் என்று படிப்பவர் 'எ' போடுவார். இரண்டும் சரி. அப்புறம், பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்துதான் 'ஆன்' வந்தது, அது தேய்ந்து 'எ' ஆனது என்று விளக்கியிருந்தார்கள். ஏப்ரன் என்ற சொல் ஒரு காலத்தில் நேப்ரனாக இருந்ததாம். 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, நகரம் இடம் மாறி 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது.

ஒன்பதாம் பாடம்தான் ஏமாற்றம். இடப்பெயர்கள். ஆற்றுக்கு 'தி' உண்டு, ஏரிக்கு இல்லை, மலைத்தொடருக்கு உண்டு, தனிச் சிகரத்துக்கு இல்லை என்று ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ் இரண்டும் ஆங்கிலத்தில் பன்மை வடிவப் பெயர்கள், அதனால் 'தி' வருகிறது. யுனைடெட் கிங்டம் என்பதில் 'கிங்டம்' என்ற பொதுச்சொல் இருக்கிறது, அதனால் வருகிறது. இந்த இரண்டு வரியைச் சொல்லியிருந்தால் நாட்டுப் பெயர்களில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது மதிப்பெண் போடும் முறையில். 'ஷீ இஸ் இன் ஹாஸ்பிடல்' என்று எழுதினேன், தவறு என்று சிவப்பில் காட்டியது. நோயாளியாகச் சேர்ந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில்தான் 'தி' வரும். இதை விளக்கி எழுதினேன். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் வைக்க முடியும் என்று பதில் வந்தது. படிப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கச் சொல்லிக்கொடுத்த அதே வகுப்பு இப்படிச் செய்வது சரியில்லை. தன் மேல் நம்பிக்கை குறைவாக இருக்கும் ஒருவர், சரியாக எழுதியதையே தவறு என்று நினைத்துவிடுவார்.

ஆனாலும் கடைசி நான்கு பாடங்களுக்காகவே இதில் சேரலாம். ஒரு முழுப் பத்தியைக் கொடுத்து, அதிலிருந்த ஆர்ட்டிகிள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். எங்கே எடுத்தார்கள் என்று கோடுகூட இருக்காது. நாமே தேடிப் போட வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட இது பல மடங்கு கடினம், எழுதும்போது நமக்கு நடப்பதும் இதுதான். இப்போது என் பழைய அறிக்கைகளையே எடுத்து அப்படிச் செய்து பார்க்கிறேன், வாரத்துக்கு இரண்டு. ஆங்கிலத்தில் ஓரளவு எழுத வருபவர்கள் சேருங்கள். அடிப்படை வாக்கியமே இன்னும் தடுமாறுகிறது என்றால் முதல் மூன்று பாடங்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைப் பிறகு பாருங்கள்.