பழைய இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காரோடு நாலரை வருஷம்: கார்ப்பெட்டுக்கு அடியில் நின்ற தண்ணீர்

வாங்கின பதினோராம் நாள் காலையில் கார் திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, பூட்டும் அசையவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சின்னச் சாவியை உருவிக் கதவைத் திறக்கப் போனேன். அங்கே அடுத்த சிக்கல். இந்தக் காரின் கதவில் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி ஒரு விரற்கடை கீழே இறங்கினால்தான் துணிக்கூரையின் ரப்பரை விட்டுக் கதவு வெளியே வரும். பேட்டரி செத்திருந்தால் கண்ணாடி இறங்காது. பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும். கண்ணாடியின் மேல் விளிம்பை விரலால் மெல்ல நெம்பி, ரப்பரிலிருந்து விடுவித்து, கதவைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. பேட்டரியோ டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கி திறக்கவும் கரண்ட் வேண்டும். நல்லவேளையாக பானட்டுக்கு அடியில் ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க ஒரு முனை வைத்திருக்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 10.4 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும்.

2021 பிப்ரவரியில் வாங்கினேன். 2011 மாடல் ஜெர்மன் ரோட்ஸ்டர். இரண்டே சீட், மடங்கும் துணிக்கூரை, டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. அப்போது 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 68,000. விலை 16.5 லட்சம். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. என் காரில் வந்த பழுதுகளில் பெரும்பாலானவை பத்து வருஷம் மரத்தடியில் நின்றதாலும் கண்டவர்கள் வயரில் கை வைத்ததாலும் வந்தவை. காரைத் தயாரித்தவர்கள் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை.

வாங்கும்போது எஞ்சினைத்தான் பார்த்தேன். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தேன், ஆயில் கசிவு தேடினேன், டயர் தேதி படித்தேன். எல்லாம் சுத்தம். இந்த வயசு காரில் எஞ்சின் கடைசியாகப் போகிற பொருள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் விலையுயர்ந்த கார்களுக்கென்றே இருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். ஸ்கேனரில் 23 கோளாறுக் குறியீடுகள் வந்தன. மூன்று மாட்யூல் (காரின் ஒவ்வொரு பகுதியையும் நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் பெட்டி), தரைக்கடியில் ஓடும் வயரிங்கில் ஒரு பகுதி, எல்லாம் புதிதாகப் போட வேண்டும், 3,85,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அங்கே காரில் ஒருவரும் மீட்டர் வைக்கவில்லை. ஸ்கேனர் சொன்னதை அப்படியே பில்லாக மாற்றினார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். பணம் கட்டியிருந்தால் புது மாட்யூல்களும் அடுத்த மழையில் நனைந்திருக்கும்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர்தான் வில்சன் கார்டனில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிப் போனார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக பஸ், லாரி வயரிங் பார்த்தவர், பிறகு கார்களுக்கு வந்தவர். எஸ்டிமேட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"தம்பி, இந்த இருபத்திமூணும் இருபத்திமூணு வியாதி இல்ல. வோல்ட் எறங்கிச்சுன்னா ஒவ்வொரு பொட்டியும் பக்கத்துப் பொட்டி பேசலன்னு எழுதி வெச்சுக்கும். எல்லாத்தையும் அழிச்சிடு. நல்ல பேட்டரி போட்டு ரெண்டு நாள் ஓட்டு. திரும்ப எது வருதோ, அதப் பாப்போம்."

திரும்பி வந்தவை நான்கே நான்கு.

இந்தக் கார்களில் கதவு, கூரை, சீட், விளக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனி மாட்யூல். அவை ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டை வயரில் பேசிக்கொள்ளும். பாஷ் கம்பெனி 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் (CAN bus) என்ற முறை இது. ஸ்கேனர் செருகும் 16 முனை சாக்கெட்டில் 6-ஆவது முனைக்கும் 14-ஆவது முனைக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓம் பார்த்தால் 60 பக்கம் வர வேண்டும். இரண்டு கோடியிலும் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்து 60. என் காரில் சரியாக இருந்தது. "எஞ்சின் பக்கம் நல்லாருக்கு. கதவு, சீட்டு பக்கந்தான் ஏதோ தூங்காம கெடக்கு" என்றார்.

தூங்காமல் என்று அவர் சொன்னதுதான் சரியான சொல். காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகு மாட்யூல்கள் ஒவ்வொன்றாக அடங்க வேண்டும். எல்லாம் அடங்கினால் பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் வந்துவிடும். அவர் டிக்கியைத் திறந்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடினார். டிக்கி சாத்தியிருக்கிறது என்று கார் நினைத்துக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் வயரில், வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, "நாப்பது நிமிஷம் யாரும் வண்டியத் தொடாதீங்க" என்றார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். 680 மில்லி ஆம்பியர். அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 16 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாள் நின்றாலே முக்கால்வாசி காலி.

அடுத்து ஃபியூஸ். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கின மாட்யூல் விழித்துக்கொள்ளும், மறுபடி நாற்பது நிமிஷம். இவர் எதையும் பிடுங்கவில்லை. ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் தெரியும் உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லி வோல்ட் பார்த்துக்கொண்டே போனார். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். இரண்டில் மட்டும் எண் அசைந்தது. ஒன்று, பழைய ஓனர் வெளிக்கடையில் மாட்டிய ஆம்ப்ளிஃபயர். எப்போதும் உயிரோடிருக்கும் வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அதைக் கழற்றி எறிந்தோம். இன்னொன்று, கதவு, பூட்டு, கூரை எல்லாவற்றையும் நடத்தும் மாட்யூல்.

அது பக்கத்து சீட்டில் உட்காருபவரின் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே இருந்தது. கார்ப்பெட்டைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கும். அவர் முஷ்டியை மடக்கி, உடம்பு பாரத்தை வைத்து அழுத்தினார். விரல் இடுக்கில் தண்ணீர் எழும்பி வந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில் நாலு இன்ச் கனத்துக்கு ஃபோம், அது முழுக்கத் தண்ணீர். கறுப்புப் பெட்டியைத் திறந்து கனெக்டரைக் கழற்றினால் இரண்டு பின்களில் செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. ஒரு பின்னைத் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

தண்ணீர் வந்த வழியைத் தேடுவதற்கு அவர் ஒரு பாட்டில் தண்ணீரைத்தான் பயன்படுத்தினார். துணிக்கூரை மடங்கும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் வடிகால் துளைகள் உண்டு. மழைநீர் அதில் இறங்கி, ரப்பர் குழாய் வழியாக சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். வலது பக்கம் ஊற்றியது நாலு விநாடியில் தரையில் கொட்டியது. இடது பக்கம் ஊற்றியது அப்படியே நின்று, மெல்லத் தளும்பி, உள்ளே இறங்கியது. டார்ச் அடித்துக் குறட்டால் இழுத்தார். மே ஃப்ளவர் மர இலைகள். அந்த மரத்தின் சிற்றிலை சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராது. ஊர் முழுக்க கார்களின் மேல் உதிர்ந்து கிடக்கும் அதே இலைதான் பத்து வருஷம் சேர்ந்து, மட்கி, கறுப்புக் களிமண்போல் குழாயை அடைத்திருந்தது. பெங்களூரின் மரங்கள் எனக்கு உயிர். ஆனால் கூரை மடங்கும் காரை மரத்தடியில் நிறுத்துகிறவர் அந்தத் துளையை மறக்கவே கூடாது.

அடைப்பு எடுக்கக் கம்ப்ரெஸர் காற்று அடிக்காதீர்கள். குழாய் உள்ளேயே மூட்டு கழன்றுவிடும், அப்புறம் தண்ணீர் முழுவதும் காருக்குள்தான். புல் வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நரம்பை மெல்ல விட்டு எடுங்கள்.

ஃபோமை எங்கள் மொட்டைமாடியில் ஐந்து நாள் காயவைத்தோம். மாட்யூலை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவி, ஒட்டிக்கொண்ட ரிலே ஒன்றை மாற்றி, புதுப் பின்களை எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிச் சாலிடர் வைத்தார். டிக்கிக்குள் பேட்டரி எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்தார். அதற்கு முன் ஸ்டார்ட் செய்யும்போது அந்த மூட்டில் 0.4 வோல்ட் வீணானது, பிறகு 0.06. கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். ஆசிட் தளும்பாத ஏஜிஎம் வகை பேட்டரி தனியாக 21,000. பேட்டரி மாற்றினால் ஸ்கேனர் போட்டு அதைக் காரிடம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும், புதியது சீக்கிரம் கெடும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நிம்மதி. 2022 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து திரும்பும்போது அடுத்தது. அத்திப்பள்ளி தாண்டியதும் வானம் கறுத்தது. கூரையை மூடப் பொத்தானை அழுத்தினேன், பாதியில் நின்றுவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கினோம். டிக்கி டூல்கிட்டில் இருக்கும் ஆலன் சாவியால் கையால் மூடலாம். நான் கூரையைத் தாங்கிப் பிடிக்க, என் மனைவி அந்தச் சாவியை ஐம்பது சுற்றாவது சுற்றியிருப்பாள். கொக்கி மாட்டின சத்தம் கேட்டபோது இரண்டு பேருக்கும் கை நடுங்கியது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் டிக்கி மூடியின் கீல் பக்கம் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே பத்துப் பதினைந்து வயர். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். எல்லாம் விறைப்பாக நிற்க, ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட்போல் நீண்டது. "உள்ள தாமிரம் அறுந்துபோச்சு, மேல்தோல் மட்டும் இருக்கு" என்றார். டிக்கி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது. டிக்கி மூடியிருக்கிறதா என்று கூரை மாட்யூலுக்குச் சொல்லும் வயர் அது. சிலிக்கான் வயர் போட்டு இணைத்தார், 1,800 ரூபாய். கூரை மோட்டாரே போய்விட்டது என்று வேறோர் இடத்தில் ஃபோனில் சொல்லியிருந்தார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு, காகித விஷயமும் கொஞ்சம். வெளிநாட்டில் ஓடிய பழைய காரை நாமே கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவான விதிப்படி தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். சுங்க வரியும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே சந்தையில் நாம் பார்க்கும் பத்து வருஷப் பழைய இறக்குமதி கார் பெரும்பாலும் புதிதாக இங்கே வந்து, இங்கேயே மழையில் நனைந்து வயசான கார்தான். 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க சாதாரண காருக்கு 5,000 ரூபாய் என்றால், இறக்குமதி காருக்கு 40,000. 2022 ஏப்ரல் முதல் இந்தக் கட்டணம். எனக்கு 2026-இல் வருகிறது, பணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முந்தின நாளே சொல்லுங்கள், காரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்று. போனதும் பேட்டரி வோல்ட் பாருங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் காரணம் கேளுங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். கார்ப்பெட்டை முஷ்டியால் நான்கு இடத்திலும் அழுத்துங்கள். கதவை மூடி இரண்டு நிமிஷம் உள்ளே உட்காருங்கள், பூசணம் பிடித்த வாடை வந்தால் ஏ.சி. வாடை என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். கூரையை மூன்று தடவை திறந்து மூடுங்கள். பூட்டிவிட்டு நாற்பது நிமிஷம் காத்திருந்து கரண்ட் பார்க்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் செலவாகும் லட்சங்களுக்கு முன்னால் அந்த நாற்பது நிமிஷம் ஒன்றுமே இல்லை.

பெட்ரோல் ஊருக்குள் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், ஹைவேயில் 11. ஸ்பீட் பிரேக்கர்களைக் குறுக்காக ஏறினால் அடிபடாது.

ஓட்டுவதைப் பற்றிக் கேட்டால், அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி தாண்டி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கூரை திறந்து ஏறுவேன். மூன்றாவது கியரில் அந்த எஞ்சின் 6,000 சுற்றைத் தொடும்போது எழும் சத்தத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன். விற்கச் சொல்லி நல்ல விலை இரண்டு தடவை வந்தது, கொடுக்கவில்லை.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நானும் மகளும் தண்ணீர் பாட்டிலோடு காருக்குப் போகிறோம். அவள் துளையில் ஊற்றுவாள், நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து விநாடி எண்ணுவேன். போன வாரம் இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு. அன்று இரவு கிளாம்ப் மீட்டர் 32 மில்லி ஆம்பியர் காட்டியது.