கிருஷ்ணகிரியில் ஜப்பானிய மொழி வகுப்பும் பள்ளிச் சேர்க்கை வழிகாட்டலும்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் வார இறுதிகளில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஒரு மையம், ஜப்பானில் மேல்நிலைப் பள்ளியில் (அங்கே அது பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை) சேர விரும்பும் மாணவர்களுக்கு விண்ணப்ப வழிகாட்டலும் செய்து தருகிறது. என் மகளுக்காக இரண்டுக்கும் பணம் கட்டினோம். மொழி வகுப்புக்குப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம்; வழிகாட்டல் சேவைக்கு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தாலும், ஆசிரியை ஒவ்வொருவரின் கட்டம் போட்ட நோட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார். சீனத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த காஞ்சி எழுத்து பார்வைக்குச் சரியாக இருந்தாலும், கோடுகளைப் போடும் வரிசை பிசகியிருந்தால் அந்த எழுத்தைக் கோடிட்டு நீக்கிவிட்டு மறுபடி எழுத வைக்கிறார். சென்னையில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 தேறினால் போதும் என்று அவர் யாருக்கும் ஆசை காட்டுவதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அந்நாட்டு அரசு வகுத்துள்ள 2,136 காஞ்சிகளில் 1,026-ஐ அங்குள்ள பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுவதையும், பெரும்பாலான பள்ளிகளில் நுழைவுத் தேர்வும் பாடங்களும் ஜப்பானிய மொழியிலேயே இருப்பதையும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். இந்த நேர்மைக்காகவே அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

வழிகாட்டல் பிரிவில் அந்தத் தெளிவு இல்லை. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தனியார் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடுகின்றன. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோ மார்ச், ஏப்ரலில் வருகிறது. ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலே அங்கே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒன்பதாம் வகுப்போடு கிளம்புவதா, பொதுத்தேர்வை எழுதிவிட்டு அடுத்த ஏப்ரல் வரை காத்திருப்பதா என்பதைக் குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எங்களிடம் "பத்து முடித்ததும் போகலாம்" என்று மட்டுமே சொன்னார்கள்.

பெற்றோர் உடன் வராத பிள்ளைக்கு, விடுதியுள்ள தனியார் பள்ளியே நடைமுறைக்கு ஒத்துவரும். மங்கோலியாவிலிருந்து வந்து பின்னாளில் சுமோ மல்யுத்தத்தின் உச்சப் பட்டமான யோகொசுனாவைப் பெற்ற அசாஷோரியு படித்த, கொச்சி மாகாணத்து மெய்தொகு கிஜுகு அப்படிப்பட்ட பள்ளிதான். இடம் கிடைத்ததும் பள்ளியின் வழியாக ஜப்பானியக் குடிவரவுத் துறையில், அங்கே தங்குவதற்கான தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பார்கள். மூன்று மாதமே செல்லும் அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் இங்கே மாணவர் விசா வாங்க வேண்டும். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகாதவர்கள் ஓராண்டுக்குக் குறையாமல் ஜப்பானிய மொழி படித்ததைக் காட்ட வேண்டியிருக்கும். இதற்காக வகுப்பு நேரங்களைக் குறிப்பிட்டு மையம் தரும் வருகைச் சான்று மிகவும் பயனுள்ளது. மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு வருத்தம் தந்தவை இரண்டு. முதலில் கொடுத்த செலவுத் தாளில் பள்ளிக் கட்டணம் மட்டுமே இருந்தது; விடுதி, சீருடை, மருத்துவக் காப்பீடு ஆகியவை நாங்கள் வற்புறுத்திய பிறகே சேர்க்கப்பட்டன. மீதிச் செலவைப் பகுதிநேர வேலையில் ஈடுகட்டலாம் என்றும் சொன்னார்கள். அனுமதி பெற்ற மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தந்தாலும், பல மேல்நிலைப் பள்ளிகள் தம் விதிகளில் அதைத் தடுத்திருக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளையின் உழைப்பை நம்பிக் கணக்குப் போடச் சொல்வது எவ்வகையிலும் சரியல்ல.

எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்த மொழி வகுப்பு ஏற்ற காலத்தில் அமையும். பத்தாம் வகுப்பை எட்டிவிட்டவர்கள், பன்னிரண்டாம் வகுப்பை இங்கேயே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முயல்வதைப் பற்றி அதே ஆசிரியையிடம் கேட்கலாம்.